கல்லின் இயல்பும் பொறியின் தேர்வும்

பாக்கை வெட்டப் பாக்குவெட்டியும், பயற்றை உடைக்கத் திரிகையும், அரிசியை இடிக்க உரலும், கறிக்கூட்டை அரைக்க அம்மியும் நம் இல்லங்களில் வெவ்வேறாக அமைந்திருந்தன. பாக்கை அம்மியில் இட்டு அரைத்தவர் எவருமிலர். உடைபடும் பொருளின் தன்மையும், உடைந்தபின் அது பெறவேண்டிய அளவுமே கருவியைத் தீர்மானிக்கும் என்பதை நம் மூதாட்டியர் நன்கறிந்திருந்தனர். தொழிலுக்கு வேண்டிய கல்லை உடைக்கும் பொறிகளைத் தெரிவதும் இந்நெறியின் விரிவேயாகும்.

கொட்டியாரக் குடாவின் தென்பால் மூதூருக்கும் சம்பூருக்கும் இடையே அமைந்தது கட்டைபறிச்சான். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும், 2006ஆம் ஆண்டின் போர்க்கால இடப்பெயர்வும் மூதூர்ப் பகுதி மக்களின் வாழ்வைக் குலைத்தன. மீண்டோர் வீடெழுப்பவும் வீதி திருத்தவும் கருங்கற் சல்லி இன்றியமையாததாயிற்று. கொங்கிறீற்றின் பெரும்பகுதி கல்லும் மணலுமே. ஆதலின் தவறான பொறியில் உடைந்த சல்லி, எழும் வீட்டின் வலிமையையும் குறைக்கவல்லது.

முதற்கண் ஆராயவேண்டியது கல்லின் வன்மை. 1812இல் பிரடெரிக் மோசு என்னும் அறிஞர் வகுத்த பத்துப்படி அளவில், சுண்ணக்கல்லின் கனிப்பொருளாகிய கல்சைற்று 3ஆம் படியிலும், எப்பாவலையில் உரத்துக்காக அகழப்படும் அப்பற்றைற்று 5ஆம் படியிலும், கருங்கல்லில் மிகுந்துள்ள குவாட்சு 7ஆம் படியிலும் நிற்கின்றன. குவாட்சு சாதாரண உருக்கையும் கீறவல்லது. எனவே கல் பொறியால் உடைபடும்போதே பொறியும் கல்லால் தேய்கின்றது.

பொறிகளுள் மூன்று முதன்மையானவை. ஒன்று, 1858இல் அமெரிக்கரான எலி விற்னி பிளேக்கு காப்புரிமை பெற்ற தாடைப்பொறி. நிலைத்த தாடை ஒன்றும் அசையும் தாடை ஒன்றும் பாக்குவெட்டிபோல் கல்லை நெரிக்கும். மற்றொன்று கூம்புப்பொறி. கிண்ணம்போன்ற உறையினுள் கூம்பு ஒன்று சாய்ந்து சுழன்று, திரிகைபோல் கல்லை நெரித்து உடைக்கும். மூன்றாவது மோதற்பொறி. விரைந்து சுழலும் சம்மட்டிகள், உலக்கைபோல் கல்லை அடித்துச் சிதைக்கும். மோதற்பொறி கனவடிவான நல்ல சல்லியைத் தருமெனினும், கருங்கல்லை இடின் அதன் சம்மட்டிகள் விரைவில் தேய்ந்துவிடும். காங்கேசன்துறையில் சீமெந்துக்காக அகழப்பட்டது போன்ற மென்மையான சுண்ணக்கல்லுக்கே அது பெரிதும் ஏற்றது. கருங்கல்லுக்குத் தாடையும் கூம்புமே துணை. அடிபட அடிபட மேற்பரப்பு இறுகும் மங்கனீசு உருக்கால் அவற்றின் தட்டுகள் ஆக்கப்படுவதும் இதனாலேயாம்.

அடுத்து நோக்கவேண்டியது அளவு. பொறியின் வாயகலத்தில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குக்கு மேற்பட்ட கல்லை அதனுள் இடலாகாது. 600 மில்லிமீற்றர்ப் பாறைத்துண்டு 20 மில்லிமீற்றர்ச் சல்லியாக வேண்டுமெனின், அது 30 மடங்கு சிறுக்கவேண்டும். தாடைப்பொறி ஒருமுறையில் ஏறத்தாழ 6 மடங்கே சிறுப்பிக்கும். ஆகவே முதலில் தாடைப்பொறியால் 100 மில்லிமீற்றராக்கி, பின்னர்க் கூம்புப்பொறியால் 5 மடங்கு சிறுப்பித்தல் முறை. ஒரே பொறியால் அனைத்தையும் முடிக்க முயல்வோர் தகட்டுவடிவான சல்லியையும் மிகையான தூளையும் பெறுவர். தகட்டுச்சல்லி செறிந்து அமையாமையால் கொங்கிறீற்று கூடுதலான சீமெந்தை விழுங்கும்.

ஈரமும் களிமண்ணும் சேர்ந்த கல் பொறியின் வாயை அடைக்கும். மாரிக்காலத்தில் மண்ணை முன்னதாகவே சல்லடையாற் பிரித்தெடுத்தல் நன்று.

உடைக்கும் பொறியே வேண்டாத இடமும் உண்டு. திருகோணமலைக்கு வடக்கே புல்மோட்டைக் கரையில் இல்மனைற்று, உறூற்றைல், சேர்க்கன் ஆகியன மணலாகவே கிடக்கின்றன. மழையும் ஆறும் அலையும் நெடுங்காலம் உடைத்து முடித்த வேலையை மனிதன் மீண்டும் செய்யவேண்டுவதில்லை. காந்தத்தாலும் மின்னாலும் பிரித்தெடுத்தலே அங்கு எஞ்சிய பணி. திருகோணமலைத் துறைமுகத்தருகே உள்ள சீமெந்து ஆலையிலோ, கப்பலில் வரும் கிளிங்கர் மாவாக வேண்டும். அங்கு நெரித்தல் போதாது, அம்மியின் தொழிலாகிய அரைத்தலே வேண்டும். ஒரே மாவட்டத்தில் மூன்று பொருள்கள், மூன்று வழிகள்.

இறுதியாகக் கருதவேண்டியது, கணக்கேட்டிற் பெரும்பாலும் இடம்பெறாத தூசு. குவாட்சு கலந்த நுண்தூசு நுரையீரலிற் படிந்து சிலிக்கோசிசு என்னும் மாறாநோயை விளைவிக்கும். கல் விழும் இடந்தோறும் நீர் தெளித்தல், பொறியை மூடிவைத்தல், குடியிருப்புக்கு அப்பால் அதனை நிறுவுதல் ஆகியவை பொறியின் விலையோடு சேர்த்தே எண்ணப்படவேண்டியவை. சல்லி மலிவாகக் கிடைத்து, அதனை உடைத்தவன் மூச்சுக்குத் தவிப்பானாயின், அத்தேர்வு சரியானதாகாது. கல்லை அறிந்து, பயனை அறிந்து, பணிபுரிவோனையும் நினைந்து பொறியைத் தெரிதலே அறிவுடைமையாகும்.