சுராங்கனியும் சின்ன மாமியும்

கொழும்பை அடுத்த களுபோவிலயிலிருந்து மேற்கே நடந்தால் காலி வீதி. அதைக் கடந்தால் தெஹிவளைக் கடல். இலங்கைப் பொப்பிசைப் பாடகர் ஏ.ஈ. மனோகரன் புகழ்பெறச் செய்த ‘சுராங்கனி’ பாட்டை இந்தக் கரையில் நின்று கேட்க வேண்டும். சிங்களப் பெயர் கொண்ட ஒரு பெண், அவளுக்காகக் கொண்டுவரப்பட்ட மீன்: கதை இவ்வளவுதான். சிங்களத்தில் தொடங்கித் தமிழுக்குள் புகும் பாட்டு, இரு மொழியும் ஒரே ஒழுங்கையில் புழங்கும் கொழும்பின் பேச்சையே ஒத்தது. 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜா இதைத் தமிழகத்துக்கும் கொண்டுசேர்த்தார்.

இன்னொரு பொப்பிசைப் பாடகரான நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’ பாட்டோ யாழ்ப்பாணத்து வீட்டு முற்றம். மருமகன் கேட்கிறான், மாமி பதில் சொல்கிறாள். பேச்சுக்குக் காரணமான மகளோ பள்ளிக்கூடத்தில் இருக்கிறாள். உறவுமுறையையே நாடகமாக்கிய இந்தப் பாட்டுக்கு ஈடாக ஈழத்துப் பொப்பிசையில் வேறொன்றைச் சொல்வது கடினம். கள்ளுக்கடைப் பக்கம் போகாதே என்று புத்தி சொல்லும் பாட்டும் அவருடையதே; அந்த அறிவுரைக்கும் கால்கள் ஆடத்தான் செய்கின்றன.

காரணம் பைலா எனும் ஆட்டத் தாளம். ‘ஆடுதல்’ எனப் பொருள்படும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து பிறந்த பெயர். 1505இல் இலங்கைக்கு வந்த போர்த்துக்கேயரின் ஆட்சி போனது. தாளம் இங்கேயே தங்கிவிட்டது. கலியாண மண்டபங்களில் முதல் அடி விழுந்ததும் மூத்தவர்களும் எழுந்துவிடுகிறார்கள்.