மடக்குச் சோங்குத் துவக்கு: யாருக்குப் பயன், யாருக்கு வேண்டாம்?

கல்முனையில் ஜீப்பிலிருந்து இறங்கும் படையினரின் துவக்குகளைக் கவனித்திருப்பீர்கள். சிலருடையதில் பின்பகுதி மரத்தால் ஆனது. வேறு சிலருடையதில் பின்பகுதியே இல்லாததுபோல் தெரியும். இல்லாமல் இல்லை, மடங்கிக் கிடக்கிறது. ஏன் அப்படிச் செய்கிறார்கள், அதனால் உங்களுக்கு என்ன என்பதைப் பார்ப்போம்.

சோங்கு என்பது எது?

துவக்கின் பின்முனையில் தோளில் ஊன்றிக்கொள்ளும் பகுதிதான் சோங்கு. வெடிக்கும்போது துவக்கு பின்னால் உதைக்கும். அந்த உதைப்பைத் தோளுக்குக் கொண்டுபோவது சோங்கு. கன்னத்தை அதில் பதித்தால் கண்ணும் குறிமுள்ளும் (குழலின் முனையில் நிற்கும் சிறு கம்பி) நேர்கோட்டில் வரும். வைத்த குறி தப்பாமல் இருப்பது இதனால்தான்.

மடக்கினால் என்ன லாபம்?

நீளம் குறையும். லாபம் அவ்வளவுதான். நம் நாட்டில் அதிகம் காணும் சீனத் தயாரிப்பான ரி-56 துவக்கு ஏறத்தாழ 87 சென்ரிமீற்றர் நீளம். சோங்கை மடக்கினால் 65 சென்ரிமீற்றர் அளவுக்கு வந்துவிடும்.

இந்த ஒரு சாண் குறைவு யாருக்குத் தேவை? ஜீப்பில் நெருக்கி உட்காருபவருக்கு, வாகனத்திலிருந்து குதித்து இறங்குபவருக்கு, விமானத்திலிருந்து பரசூட்டில் குதிப்பவருக்கு. 1942இல் அமெரிக்கா தன் பரசூட் படையினருக்காகவே மடக்குச் சோங்கு வைத்த கார்பைன் (குட்டைத் துவக்கு) ஒன்றைச் செய்தது. 2019 ஏப்ரலில் சாய்ந்தமருதில் நடந்த குண்டுவெடிப்புச் சம்பவத்துக்குப் பிறகு நம் ஊர்களில் வீடு வீடாகச் சோதனை நடந்தது நினைவிருக்கும். மதிலோடு மதில் ஒட்டிய வீடுகள், ஒடுங்கிய ஒழுங்கைகள். அப்படிப்பட்ட இடத்தில் நீளத் துவக்கு கதவிலும் சுவரிலும் இடிக்கும்.

அப்படியானால் எல்லாத் துவக்கையும் மடக்கும்படி செய்யலாமே?

செய்யலாம், ஆனால் இழப்பும் உண்டு. ரி-56இல் ஒரு வகையின் சோங்கு இரண்டு இரும்புச் சட்டங்களால் ஆனது. அடிப்பக்கமாகச் சுழன்று மடங்கும். அந்த ஒடுங்கிய இரும்பில் கன்னம் சரியாகப் பதியாது. வெயிலில் சுடும். மூட்டு தேயத் தேய ஆட்டம் கொடுக்கும். இன்னொரு வகை பக்கவாட்டில் மடங்கும். எந்த வகையானாலும் மடக்கியபடி சுட்டால் உதைப்பைத் தாங்கத் தோள் இல்லை, கைகள்தான் தாங்கவேண்டும். முனை மேலே எகிறும், குறி சிதறும்.

மடங்கியிருந்தால் ஆபத்தில்லை என்று நினைக்கலாமா?

கூடவே கூடாது. ரி-56 மடக்கிய நிலையிலும் வெடிக்கும். குறி சிதறுவதால் பக்கத்தில் நிற்பவருக்கு ஆபத்து கூடுமே தவிர குறையாது. எங்காவது வெடிச்சத்தம் கேட்டால் எட்டிப் பார்க்கப் போகவேண்டாம். பிள்ளைகளை உள்ளே எடுத்து, சுவருக்குப் பின்னால் படுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளாமைக் காவலுக்கு இது உதவுமா?

சம்மாந்துறை, இறக்காமம் பக்கத்து வட்டைகளில் பன்றிக்கும் யானைக்கும் காவல் இருப்பவர்கள் மனதில் இந்தக் கேள்வி எழலாம். உதவாது. பரணில் இருப்பவருக்கு இட நெருக்கடி இல்லை. அவருக்குத் தேவை உறுதியான சோங்கு. ரி-56 போன்ற தானியங்கித் துவக்கைப் பொதுமக்கள் வைத்திருப்பது பெருங்குற்றம். இதற்கு நம் நீதிமன்றங்கள் ஆயுள் தண்டனைகூட விதித்திருக்கின்றன. பயிர்க் காவலுக்கு அனுமதி கிடைப்பது சொட்கன் துவக்குக்குத்தான். அந்த அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டும். யானையை விரட்ட யானைவெடி போதும். யானையைச் சுடுவது குற்றம்.

சொட்கனின் மரச் சோங்கை வெட்டிக் குறுக்கினால் என்ன?

வேண்டாம். சொட்கனின் உதைப்பு பலமானது. சோங்கு இல்லாவிட்டால் அது மணிக்கட்டை முறிக்கலாம், துவக்கே முகத்தில் வந்து அடிக்கலாம். பன்றிக்கு வைத்த குறி பக்கத்து வாடியில் படுத்திருப்பவர்மேல் பாயலாம்.

பழைய துவக்கு ஏதும் கண்ணில் பட்டால்?

யுத்தம் 2009இல் முடிந்தது. ஆனாலும் பற்றைக்குள்ளோ பாழ்கிணற்றிலோ மண்ணுக்குள்ளோ மிச்சம் கிடக்கலாம். குட்டையாக, விளையாட்டுச் சாமான்போல் தெரிந்தாலும் தொடாதீர்கள். மடங்கிய சோங்கை விரித்துப் பார்க்கவும் வேண்டாம். உள்ளே ரவை இருக்கலாம். பிள்ளைகளைத் தள்ளி நிறுத்திவிட்டு 119க்கு அழையுங்கள், அல்லது அருகிலுள்ள பொலிஸ் நிலையத்துக்குச் சொல்லுங்கள். நாளைக்குச் சொல்லலாம் என்று வீட்டில் கொண்டுபோய் வைக்காதீர்கள். அப்படி வைத்தால் குற்றம் உங்கள் தலையில்தான் விழும்.