இலண்டன் கோட்டையும் வணிகர்களின் பொன்னும்

போர்கள் ஓய்ந்த பின்னும் கோட்டைகளின் பயன் முடிந்துவிடுவதில்லை. கனத்த மதிலும் ஓயாத காவலும் வேறு பல பணிகளுக்கும் தேவைப்பட்டன. தேம்ஸ் நதிக்கரையில் நிற்கும் இலண்டன் கோபுரம் இதற்குச் சிறந்த சான்று. பெயரில் கோபுரமாயினும் உண்மையில் அது ஒரு கோட்டை.

இங்கிலாந்தைக் கைப்பற்றிய முதலாம் வில்லியம் மன்னர், 1070-களில் இதன் நடுவிலுள்ள வெள்ளைக் கோபுரத்தை எழுப்பத் தொடங்கினார். அதன் சுவர்கள் அடிப்பகுதியில் 15 அடி வரை கனமுடையவை. பின்வந்த மன்னர்களுக்கு இக்கோட்டை அரண்மனையாயிற்று, சிறையுமாயிற்று. அரசி ஆன் பொலின் 1536-இல் இங்கேதான் தலை துண்டிக்கப்பட்டார். 13-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய விலங்குக்காட்சிச்சாலை ஒன்றும் 1835 வரை இதனுள் இயங்கியது.

வங்கி வாடிக்கையாளர்களாகிய நாம் அறியவேண்டிய பணி மற்றொன்று. 13-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுகள் நாட்டின் தலைமை நாணயச்சாலை இக்கோட்டைக்குள் இருந்தது. அறிவியலறிஞர் ஐசக் நியூட்டன் 1696-இல் இதன் மேற்பார்வையாளராகப் பொறுப்பேற்றார்.

பொன்னையும் வெள்ளியையும் நாணயமாக்கக் கொண்டுவந்த வணிகர்கள், இதைவிடப் பாதுகாப்பான இடம் வேறில்லை என நம்பினர். 1640-இல் அந்நம்பிக்கை குலைந்தது. ஸ்காட்லாந்துடனான போரால் பணமுடை கொண்டிருந்த முதலாம் சார்லஸ் மன்னர், அங்கிருந்த வணிகர் செல்வத்தைத் தம் ஆணையால் முடக்கினார். எதிர்ப்பு வலுத்தபின், 40,000 பவுன் கடனாகப் பெற்றுக்கொண்டே அதனை விடுவித்தார். பகைவரைத் தடுக்க எழுப்பிய மதில், கோட்டைக்கு உரியவரே கை நீட்டியபோது பயன்படவில்லை.

அதன்பின் வந்த ஆண்டுகளில், செல்வத்தைப் பொற்கொல்லர்களிடம் ஒப்படைக்கும் வழக்கம் இலண்டனில் பெருகியது. அவர்கள் அளித்த பற்றுச்சீட்டுகள் நாளடைவில் பணம்போலவே கைமாறின. 1694-இல் இங்கிலாந்து வங்கி தோன்றியது.

இன்று அக்கோட்டை அரச அணிகலன்களைக் காக்கும் அருங்காட்சியகம். 1988 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். அதைக் காணச் செல்வோர், சிறைக்கூடத்தோடு பழைய நாணயச்சாலைத் தெருவையும் பார்த்து வரலாம். ரிசர்வ் வங்கி வெளியிடும் ரூபாய்த் தாள்களில் ஆளுநரின் கையொப்பத்துடன் ஓர் உறுதிமொழி அச்சிடப்பட்டிருப்பதை நாம் அறிவோம். பெட்டகத்தின் கனத்தைவிட, கொடுத்த வாக்கு காக்கப்படுவதே பணத்துக்கு அரண் என்பதை அந்தத் தெரு நமக்கு நினைவூட்டும்.