பரணில் கிடக்கும் பழைய ஏர் பம்ப்: மீன் தொட்டிக்கு மீண்டும் மாட்டலாமா?

பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது, சில வீடுகளில் பரணிலிருந்து இதுவும் இறங்கும்: உள்ளங்கை அகலத்தில் ஒரு பெட்டி, நிறம் வெளுத்த ஒயர், அடியில் நான்கு ரப்பர் கால்கள். அப்பாவோ தாத்தாவோ மீன் வளர்த்த காலத்து ஏர் பம்ப். பிளக்கைச் சொருகினால் ‘ர்ர்ர்’ என்று சத்தம் வருகிறது. “அட, இன்னும் ஓடுதே!” என்று வீடே கூடிவிடும். ஹாலில் புதுசாக வைத்திருக்கும் மீன் தொட்டிக்கு இதையே மாட்டினால் என்ன என்ற கேள்வியும் கூடவே வரும்.

மாட்டலாம். ஆனால் ஓடுவது வேறு, பாதுகாப்பாக ஓடுவது வேறு. ஏர் பம்ப்பில் இரண்டு பாதைகள் இருக்கின்றன. ஒன்று கரன்ட் வரும் பாதை, இன்னொன்று காற்று போகும் பாதை. முதலாவதில் கோளாறு என்றால் வீட்டில் இருப்பவர்களுக்கு ஆபத்து. இரண்டாவதில் கோளாறு என்றால் மீனுக்கு ஆபத்து. இரண்டும் சரியாக இருந்தால் பம்ப் எத்தனை வருடப் பழசு என்பது பெரிய விஷயமே இல்லை.

ஏர் பம்ப் என்னதான் செய்கிறது?

குமிழிகள் ஆக்சிஜனைத் தண்ணீருக்குள் ஊட்டுகின்றன என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அதில் பாதிதான் உண்மை. குமிழிகள் மேலே வரும்போது அடித் தண்ணீரையும் சேர்த்து இழுத்து வந்து, மேற்பரப்பைக் கலக்கிவிடுகின்றன. ஆக்சிஜன் பெரும்பாலும் அந்த மேற்பரப்பு வழியாகத்தான் உள்ளே போகிறது; கார்பன் டை ஆக்சைடும் அதே வழியில்தான் வெளியேறுகிறது.

நம்ம ஊர் வெயிலில் இது முக்கியம். 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நன்னீர் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொள்ளும். 30 டிகிரியில் அது சுமார் 7.5 மில்லிகிராமாகக் குறைந்துவிடும். இரவில் தொட்டியில் உள்ள செடிகளும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து மூடினால், ஆக்சிஜன் பற்றாக்குறையா என்று முதலில் பார்க்க வேண்டும். ஃபைட்டர், கௌராமி வகை மீன்கள் மட்டும் இயல்பாகவே மேலே வந்து காற்றைக் குடிக்கும்.

ஸ்பாஞ்ச் ஃபில்டர் வைத்திருந்தால் அதுவும் இந்தக் காற்றில்தான் ஓடுகிறது. பம்ப் நின்றால், கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை மாற்றித் தரும் பாக்டீரியாக்களும் திணறும். ராத்திரியில் சத்தமில்லாமல் நின்றுபோகும் பம்ப், காலையில் மீன்களைச் சாகடித்திருக்கும்.

உள்ளே என்ன இருக்கிறது?

பழைய பம்ப்கள் பெரும்பாலும் இரண்டு வகை. வீடுகளில் அதிகம் இருப்பது அதிரும் வகை. உள்ளே ஒரு காயில், காந்தம் பொருத்திய ஒரு கை, கிண்ணம் மாதிரி ஒரு ரப்பர் டயாஃப்ரம். வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுற்று என்பதால், அந்தக் கையும் நொடிக்கு 50 முறை ஆடி டயாஃப்ரத்தை அமுக்கி விடுகிறது. சின்ன ரப்பர் இதழ்கள் வால்வாக இருந்து காற்றை ஒரே திசையில் அனுப்புகின்றன.

இன்னொன்று பிஸ்டன் வகை. மோட்டாரும் பெல்ட்டும் வைத்து ஓடும். தேய்மானம் குறைய எண்ணெய் விட வேண்டும். அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து தொட்டிக்குப் போனால் தண்ணீர் மேல் படலமாகப் படியும். மேற்பரப்பு அடைபட்டால் ஆக்சிஜன் வருவதும் குறையும். எனவே பம்ப்புக்கும் தொட்டிக்கும் நடுவில் எண்ணெயைப் பிடிக்க ஒரு சின்ன பாட்டில் வைப்பது அவசியம்.

கரன்ட் பாதை: முதலில் லேபிளைப் பாருங்கள்

இந்தியாவில் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். சிங்கப்பூரிலும் அதேதான். அங்கே வேலை பார்த்த மாமா வாங்கி வந்த பம்ப் என்றால் இந்த விஷயத்தில் பிரச்சினை இல்லை. அமெரிக்க பம்ப் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸுக்கானது. ஜப்பான் பம்ப் 100 வோல்ட்டுக்கானது. இவற்றை நேரடியாகச் சொருகினால் காயில் எரிந்துவிடும். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தாலும் வோல்டேஜ்தான் குறையும், ஹெர்ட்ஸ் மாறாது. 60 ஹெர்ட்ஸுக்குச் செய்த காயில் 50-இல் கூடுதல் கரன்ட் இழுத்துச் சூடாகும்.

அடுத்தது ஒயர். பழைய ரப்பரும் பிவிசியும் காலப்போக்கில் இறுகி வெடிக்கும். ஒயரை மெதுவாக வளைத்தால் கீறல் தெரிகிறதா? அப்படியானால் டேப் சுற்றி ஒப்பேற்றக் கூடாது. எலெக்ட்ரீஷியனிடம் கொடுத்து முழு ஒயரையும் மாற்ற வேண்டும். உலோக உடல் கொண்ட பம்ப் என்றால் எர்த்துடன் மூன்று முனை பிளக் அவசியம். காயிலின் இன்சுலேஷனை 500 வோல்ட் மெக்கரில் சோதிக்கச் சொல்லலாம். 1 மெகாஓமுக்குக் கீழே காட்டினால் அந்தப் பம்ப்பைத் தண்ணீர் பக்கமே கொண்டுபோக வேண்டாம்.

“எம்.சி.பி. இருக்கே, போதாதா?” போதாது. ஓவர்லோடு, ஷார்ட் சர்க்யூட் ஆனால்தான் அது விழும். மனித உடல் வழியாக மின்சாரம் கசிந்தால் அறுத்துவிடுவது 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. மீன் தொட்டி இருக்கும் லைனில் அது இருந்தே ஆக வேண்டும். அது இருந்தாலும், தொட்டிக்குள் கை விடும் முன் எல்லா பிளக்கையும் கழற்றுவதே நல்ல பழக்கம்.

காற்றுப் பாதை: ரப்பர்தான் பலவீனம்

‘ர்ர்ர்’ சத்தம் வருகிறது, காற்று வரவில்லை என்றால் டயாஃப்ரம் கிழிந்திருக்கும் அல்லது வால்வு இதழ் ஒட்டியிருக்கும். பழைய பம்ப்பின் நல்ல குணமே இங்குதான். நான்கு ஸ்க்ரூவைக் கழற்றினால் எல்லாம் கைக்கு வந்துவிடும். அடியில் உள்ள ஃபெல்ட் துண்டில் தூசி அடைத்திருந்தால் அதையும் மாற்றலாம். சென்னை கொளத்தூர் மாதிரி வண்ணமீன் கடைகள் நிறைந்த இடங்களில், பழைய டயாஃப்ரத்தைக் கையோடு கொண்டுபோய் அதே அளவில் கிடைக்கிறதா என்று தேடிப் பார்க்கலாம்.

பிறகு ஒரு பக்கெட் சோதனை. உங்கள் தொட்டி 45 சென்டிமீட்டர் ஆழம் என்றால், அதே ஆழத்துக்குத் தண்ணீர் நிரப்பிய டிரம்மில் ஏர் ஸ்டோனை அடி வரை இறக்குங்கள். டம்ளர் தண்ணீரில் நன்றாகக் குமிழி விடும் பம்ப், ஆழம் கூடும்போது தண்ணீரின் அழுத்தத்தைத் தாங்காமல் திணறலாம். ஒரு நாள் முழுக்க ஓடவிட்டு, சூடு, வாடை, சத்தம் மூன்றையும் கவனியுங்கள். காற்று அதிகமாக வந்தால் வால்வை இறுக்கி அடைக்காதீர்கள். டயாஃப்ரம் சீக்கிரம் கிழியும். டி-வால்வு வைத்து மிச்சக் காற்றை வெளியே விடுங்கள்.

பழைய பித்தளை வால்வுகளைத் தொட்டிக்குள் போட வேண்டாம். செம்பு கரைந்தால் இறாலும் நத்தையும் தாங்காது.

எங்கே வைப்பது?

கரன்ட் போனதும் குழாயில் தண்ணீர் ஏறி, தொட்டியின் விளிம்பைத் தாண்டிவிட்டால் அவ்வளவுதான். பம்ப் கீழே இருந்தால் தொட்டித் தண்ணீர் அதற்குள்ளேயே வழியும். எனவே பம்ப்பைத் தண்ணீர் மட்டத்துக்கு மேலே, கீழே விழாத இடத்தில் வையுங்கள். குழாயில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வும் போடுங்கள். பம்ப் பக்கமிருந்து ஊதினால் காற்று போக வேண்டும். தொட்டிப் பக்கமிருந்து ஊதினால் போகக் கூடாது. மின் ஒயர் பிளக்குக்குப் போகும் முன் ஒரு வளைவாகத் தொங்கட்டும். ஒயரில் தண்ணீர் வழிந்தாலும் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

பம்ப் எந்தக் காற்றை இழுக்கிறதோ அதுதான் மீனுக்குப் போகும். பக்கத்தில் கொசுவத்தி, லிக்விட், பூச்சி ஸ்ப்ரே எதுவும் வேண்டாம். அவற்றில் இருக்கும் பைரித்ராய்டு ரசாயனம் மீன்களுக்குக் கடும் விஷம்.

நம்பி விடலாமா?

எல்லாச் சோதனையிலும் தேறினாலும் முதல் சில வாரங்களுக்கு இதைத் துணைப் பம்ப்பாக மட்டும் வைத்துக்கொள்வது நல்லது. பழைய காயில் எப்போது கைவிடும் என்று சொல்ல முடியாது. பவர் கட் நேரத்துக்கு பேட்டரியில் ஓடும் சின்ன பம்ப் ஒன்று தனியாக இருக்கட்டும்.

தேறாவிட்டால்? தாத்தா ஞாபகமாக ஷோகேஸில் வைக்கலாம். ஆனால் வைப்பதற்கு முன் ஒயரை வெட்டிவிடுங்கள். அடுத்த பொங்கலுக்கு வேறு யாராவது எடுத்து, “இன்னும் ஓடுமா?” என்று சொருகிப் பார்க்காமல் இருக்க அது ஒன்றுதான் வழி.