கம்பு சுற்றும் பிள்ளைக்குக் களைப்பு எவ்வளவு?

விடியற்காலை 5 மணி. மேற்கே மலை இன்னும் இருட்டில் கிடக்கிறது. ராஜபாளையத்தில் ஒரு மண் தரையில் பிள்ளைகள் சிலம்பம் பழகுகிறார்கள். கம்பு காற்றைக் கிழிக்கிறது.

சிலம்பத்துக்கு இப்போது நல்ல காலம். 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டில், அது காட்சிப் போட்டியாக இடம்பெற்றது. பெற்றோருக்கும் ஆசை பிறந்துவிட்டது.

அங்கேதான் சிக்கல்!

காலையில் ராஜபாளையத்தில் சிலம்பம். மாலையில் பத்துப் பன்னிரண்டு கிலோ மீட்டர் தள்ளி, ஸ்ரீவில்லிபுத்தூரில் கராத்தே. நடுவில் பள்ளிக்கூடத்தில் ஓட்டப் பந்தயம். சிலம்ப ஆசானுக்குக் கராத்தே மாஸ்டர் வாங்கும் வேலை தெரியாது. அவருக்கு இவர் வாங்கும் வேலை தெரியாது. மொத்தச் சுமையும் தெரிந்தது பிள்ளையின் உடம்புக்கு மட்டுமே.

வளரும் பிள்ளைகளுக்கு எலும்பின் முனையில் மெல்லிய குருத்துப் பகுதி உண்டு. எலும்பு நீள்வது அங்கேதான். ஓயாமல் கம்பு சுழற்றினால் மணிக்கட்டிலும், ஓயாமல் குதித்தால் முழங்காலுக்குக் கீழேயும் அது நோகும். "வலியைப் பொறுத்தால்தான் வீரன்" என்று அதட்டுவது வீரமல்ல, அறியாமை.

சரி, களைப்பை எப்படி அளப்பது? அதற்குத் தராசு உண்டா?

உண்டு. காசு செலவே இல்லை!

கன்னார் போர்க் என்பவர் சுவீடன் நாட்டு மனநூல் அறிஞர். "எவ்வளவு கஷ்டமாக இருந்தது?" என்று கேட்டு, பதிலை எண்ணாகச் சொல்லவைக்கும் முறையை 1960-களில் வகுத்தார். பின்னாளில் 0 முதல் 10 வரை ஓர் அளவும் செய்தார். சும்மா இருந்தால் 0. உயிர் போகிற பாடு என்றால் 10. அமெரிக்கரான கார்ல் ஃபாஸ்டர், அந்த எண்ணைப் பயிற்சி நடந்த நிமிடங்களால் பெருக்கினார். அவ்வளவுதான் கணக்கு.

திங்கட்கிழமை 60 நிமிடம் பயிற்சி. பையன் சொன்ன எண் 4. பெருக்கினால் 240. புதன்கிழமை 60 நிமிடம், எண் 5, 300. சனிக்கிழமை 90 நிமிடம், எண் 8, 720. வாரத்துக்கு மொத்தம் 1,260. போட்டி வருகிறதென்று அடுத்த வாரமே அதை 2,500 ஆக்கினால், அது ஆபத்து. ஏற்றுவதைக் கொஞ்சங் கொஞ்சமாக ஏற்ற வேண்டும்.

பயிற்சி முடிந்த கையோடு கேட்கக் கூடாது. கடைசிச் சண்டையின் மூச்சிரைப்பே நினைவில் நிற்கும். அரை மணி நேரம் கழித்துத் தனியாகக் கேட்க வேண்டும். நாலு பேர் முன்னால் கேட்டால் எந்தப் பையன் உண்மை சொல்வான்? "2 தான் சார்" என்று மார்தட்டுவான்! ஆசானின் கண்கணிப்பும் முழுதாகப் போதாது. ஜூடோ வீரர்களைச் சோதித்தபோது, பயிற்சியாளர் திட்டமிட்டதைவிட அவர்கள் உணர்ந்த கஷ்டம் அதிகமாக இருந்தது.

அமெரிக்க விளையாட்டு மருத்துவர்கள் இன்னொரு எளிய கணக்கும் தருகிறார்கள். பிள்ளைக்கு எத்தனை வயதோ, வாரத்தில் அத்தனை மணிக்கு மேல் பயிற்சி வேண்டாம். 10 வயது என்றால் 10 மணி. வாரத்தில் ஒரு நாளாவது முழு ஓய்வு.

இதை யார் எழுதி வைப்பது? அம்மாதான். பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கம் போதும். இரண்டு ஆசான்களிடமும் அதைக் காட்டலாம்.

போன வாரம் 4 என்று சொன்ன அதே பயிற்சிக்கு இந்த வாரம் 7 என்கிறானா? தூக்கம் குறைந்திருக்கலாம், காய்ச்சல் வரப் போகலாம். அன்று கம்பைச் சுவரோரம் சாத்திவிட்டு, அவனைத் தூங்க விடுங்கள்.