உங்களுக்குத் தெரியுமா? கோட்டைக்கு வந்த பாட்டின் பிரயாணம்

திருவனந்தபுரத்தின் கிழக்கேகோட்டைக் கடைவீதியில் நின்று ஒரு மலையாளத் திரைப்பாட்டைக் கேட்டவர், அது இந்த ஊரிலேயே பிறந்ததென்று எண்ணியிருக்கலாம். ஆனால் பல்லாண்டுக் காலம் அப்பாட்டுகளில் பெரும்பாலானவை சென்னையில் ஒலிப்பதிவாகி, கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆலையில் இசைத்தட்டாக உருப்பெற்று, அதன் பின்னரே திருவனந்தபுரத்துக்கு வந்து சேர்ந்தன.

• அந்த நெடுவழியைச் சுருக்க முனைந்தவர் ஒரு பாடகர்: சென்னைப் பரணி ஸ்டூடியோவில் 1961 நவம்பர் 14 அன்று தம் முதல் திரைப்பாட்டைப் பாடிய கே. ஜே. யேசுதாஸ், 1980இல் திருவனந்தபுரத்தில் ‘தரங்கிணி’ என்னும் ஒலிப்பதிவுக் கூடத்தையும் இசை வெளியீட்டு ஸ்தாபனத்தையும் நிறுவினார்.

• மலையாளத் திரைப்பாடல்களைக் கேரளத்தில் முதன்முதலாக ஸ்டீரியோ ஒலியில் வெளியிட்ட கீர்த்தி அதற்கு உண்டு. ஆயினும், படத்தின் தயவை நாடாத ஓணப் பாடல்களையும் ஐயப்ப பக்திப் பாடல்களையும் கேசட்டு ரூபத்தில் வீடுதோறும் புகுத்தியதையே அதன் பெரிய சாதனையாக நான் கருதுவேன். 1992இல் அலுவலகமும் கூடமும் சென்னைக்கு இடம்பெயர்ந்தன.

• பாடுகிறவரே முதலாளியாவது அமெரிக்காவிலும் நடந்ததுதான். ஃபிராங்க் சினாட்ரா 1960இல் ‘ரிப்ரைஸ்’ இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார்; 1963இல் அதன் பெரும்பங்கை வார்னர் பிரதர்ஸுக்கு விற்றுவிட்டார்.