எம்.பி.பி.எஸ் முதலாம் ஆண்டில் பாதி முடிஞ்சாச்சு... மார்க் குறைஞ்சா பயப்படணுமா? முழு விளக்கம்

பள்ளியில் முதல் மாணவர், நீட்டில் நல்ல ஸ்கோர். ஆனால் மருத்துவக் கல்லூரியின் முதல் இன்டர்னல் தேர்வில் 100-க்கு 40-ஐத் தொடவே திணறல். முதலாமாண்டு மாணவர்கள் பலருக்கு நடப்பது இதுதான். 'நமக்கு இது செட் ஆகாதோ' என்ற சந்தேகமும் பெரும்பாலும் பாதி வருடத்தில்தான் வருகிறது.

ஏன் திடீர்னு மார்க் குறையுது?

நீட்டில் நான்கு விடைகளில் சரியானதைத் தேர்வு செய்தால் போதும். எம்.பி.பி.எஸ்-ஸில் பக்கம் பக்கமாக எழுத வேண்டும், படம் வரைய வேண்டும், வைவாவில் ஆசிரியர் முன் நின்று வாய்விட்டுப் பதில் சொல்ல வேண்டும். படித்தது தெரிந்திருந்தும் எழுத வராமல் போவது இதனால்தான்.

உடற்கூறியல், உடலியங்கியல், உயிர்வேதியியல் என முதலாமாண்டில் மூன்று முக்கியப் பாடங்கள். உடற்கூறியலில் மட்டும் 206 எலும்புகள், தசைகள், நரம்புகள், ரத்தக் குழாய்கள் என்று பட்டியல் நீள்கிறது. பெயர்களில் பெரும்பாலானவை லத்தீன், கிரேக்கத்தில் இருந்து வந்தவை. தமிழ் வழியில் படித்தவர்களுக்குச் சுமை இன்னும் கூடுதல். தமிழகத்தில் 2020 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் அரசுப் பள்ளி மாணவர்கள் பலர் மருத்துவம் படிக்க வருகிறார்கள். அவர்களில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கு முதல் சில மாதங்கள் மொழியோடும் போராட்டம்தான். அது அறிவுக் குறைவு அல்ல.

இன்டர்னல் மார்க் எவ்வளவு முக்கியம்?

பல்கலைக்கழகத் தேர்வு எழுதவே இன்டர்னலில் தியரி, பிராக்டிகல் ஒவ்வொன்றிலும் குறைந்தது 40 சதவீதம், இரண்டும் சேர்த்து 50 சதவீதம் வேண்டும். வருகைப்பதிவு தியரிக்கு 75, பிராக்டிகலுக்கு 80 சதவீதம். முதலாமாண்டைத் தாண்ட அதிகபட்சம் 4 வாய்ப்புகள்தான்.

ஆனால் ஒரே ஒரு இன்டர்னலோடு கதை முடிவதில்லை. ஒவ்வொரு பாடத்திலும் ஆண்டு முழுக்கப் பல தேர்வுகள் உண்டு. பாதி வருடத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தால், எங்கே எவ்வளவு ஏற்ற வேண்டும் என்று தெரிந்துவிடும். வருகைப்பதிவையும் இப்போதே பாருங்க. கடைசி மாதத்தில் அதைச் சரிக்கட்டுவது கஷ்டம்.

முன்னேறியிருக்கோமா, எப்படித் தெரிஞ்சுக்கறது?

மார்க் மட்டும் அளவுகோல் இல்லை. இந்தக் கேள்விகளைக் கேட்டுப் பாருங்க:

- முதல் வாரத்தில் புரியாத பாடப்புத்தகப் பக்கம் இப்போது புரிகிறதா?
- கை நரம்புகளின் பாதையைப் புத்தகம் பார்க்காமல் வரைய முடிகிறதா?
- ஸ்லைடைப் பார்த்ததும் எந்தத் திசு என்று சொல்ல முடிகிறதா?
- தெரியாததை 'தெரியலை சார்' என்று கூச்சமில்லாமல் கேட்க வருகிறதா?

இரண்டுக்கு 'ஆம்' என்றாலே நகர்ந்திருக்கிறீர்கள்.

மீதி பாதியில் என்ன மாத்தலாம்?

திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, புத்தகத்தை மூடிவிட்டு நினைவுபடுத்தி எழுதிப் பார்ப்பது நல்லது. அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகர், கார்ப்பிக் 2006-ல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. படித்த 5 நிமிடத்தில், மீண்டும் வாசித்தவர்களே முன்னணியில் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்து, தங்களையே சோதித்துப் பார்த்தவர்கள்தான் அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். தேர்வுக்கு முந்தைய இரவில் மட்டும் படித்தால் ஏன் நிற்பதில்லை என்பதற்கும் இதில் பதில் இருக்கிறது.

அடுத்தது பேசிப் பழகுவது. ரூம்மேட்டிடம் ஒரு தலைப்பை விளக்கிச் சொன்னாலே வைவா பயம் பாதி குறையும். முந்தைய ஆண்டு வினாத்தாளை நேரம் வைத்து எழுதிப் பாருங்கள்.

தூக்கம் வரலை, சாப்பாடு இறங்கலை, யாரோடும் பேசப் பிடிக்கலைன்னா?

வாரக்கணக்கில் இப்படி இருந்தால் அதைச் சோம்பேறித்தனம் என்று ஒதுக்கக் கூடாது. கல்லூரியில் உங்களுக்கான வழிகாட்டி ஆசிரியரிடமோ, மத்திய அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416-லோ பேசலாம். கட்டணம் கிடையாது, 24 மணி நேரமும் இயங்குகிறது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: போன் பண்ணும்போது 'எத்தனை மார்க்?' என்பதற்கு முன் 'சாப்பிட்டியா, தூங்கினியா?' என்று கேளுங்கள். மார்க் விவரம் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.